புராஸ்டேட் புற்றுநோய்: மேல்மலை, கீழ்மலை ஆண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல் மேல்மலையிலும் கீழ்மலையிலும் நடக்கும் சுகாதார முகாம்களில் பெயர் பதியும் மேசை என்னுடையது. நான் மருத்துவர் இல்லை. சர்க்கரை, பிரஷர் பார்க்க வரும் ஆண்கள், டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, சீட்டு வாங்கும் சாக்கில் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்விகள் இவை. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைப் பதிலாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும்.

புராஸ்டேட் என்றால் என்ன? அது எங்கே இருக்கிறது?

ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. இளவயதில் 20 கிராம் எடை இருக்கும். விந்துவோடு கலக்கும் திரவத்தில் ஒரு பங்கை அதுதான் சுரக்கிறது. சிறுநீர்க் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்துதான் வெளியே போகிறது. சுரப்பி வீங்கினால் நீர் அடைபடுவது அதனால்தான்.

ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போகிறேன். மலைக் குளிருக்கு அப்படித்தானே?

பாதி சரி. குளிர் பட்டால் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்தம் உள்பக்கம் கூடும், சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக நீரை வெளியே தள்ளும். மார்கழி உறைபனியில் மன்னவனூரிலோ கவுஞ்சியிலோ படுத்திருப்பவருக்கு இது இயல்பு. படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் கடுங்காப்பியும் குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் குளிரால் வருவதற்கென்று ஒரு போக்கு உண்டு. போனால் தாராளமாகப் போகும். வெயில் காலம் வந்தால் குறையும். வீட்டில் மற்றவர்களும் எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். போய் நின்றபின் நீர் வரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, தாரை மெலிந்துவிட்டது, விட்டு விட்டு வருகிறது, முடித்தபின்னும் சொட்டுகிறது, வந்து படுத்த அரை மணியில் மறுபடி முட்டுகிறது என்றால் குளிரைக் குறை சொல்லிப் பயனில்லை. சித்திரை மாதத்திலும் அப்படியே இருந்தால் காட்டியே ஆக வேண்டும். சர்க்கரை நோயும் ராத்திரியில் இப்படி எழுப்பும். முதலில் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

மேல்மலையில் ஒரு முகாமுக்கு மகனோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். பனியில் கழிப்பறை வரை நடக்க முடியாமல் கட்டிலுக்கு அடியில் பெயிண்ட் டப்பா ஒன்று வைத்திருக்கிறார். "எத்தனை வருஷமா அய்யா இப்படி?" என்று நர்ஸ் கேட்டார். "டப்பாவே மூணாவது தாயி" என்றார். ஒரே வீட்டில் இருக்கும் மகனுக்கு அந்த விஷயம் அன்றைக்குத்தான் தெரியும். அவருக்கு இருந்தது வெறும் சதை வளர்ச்சி. மாத்திரையிலேயே பெரும்பாலும் சரியாகிவிட்டது. அத்தனை வருஷம் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அப்படியானால் நீர் போவதில் தொல்லை இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. வயது ஏற ஏற இந்தச் சுரப்பி பருப்பது சகஜம். 50 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 80-ஐத் தாண்டினால் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கும் அது இருக்கும். இதைத்தான் ஊரில் சதை வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். இது புற்றுநோய் கிடையாது.

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் அடுத்த வரிகளைப் படியுங்கள். சாதாரண சதை வளர்ச்சி, சிறுநீர்க் குழாயை ஒட்டிய உள்பகுதியில் தொடங்குகிறது. அதனால் சீக்கிரமே நீரை அடைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிவிளிம்பில், மலக்குடல் பக்கமாகத் தொடங்குகிறது. அங்கிருந்து குழாயை நெருக்குவதற்குள் பல வருஷம் ஓடிவிடும். அதுவரை வலி இருக்காது, எரிச்சல் இருக்காது, நீர் நன்றாகவே போகும். தொல்லை கொடுப்பது பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. புற்றுநோயோ ஆரம்பத்தில் தொல்லையே கொடுப்பதில்லை. "எனக்கு ஒண்ணுமே பண்ணலை, நான் எதுக்கு டெஸ்ட் எடுக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சதை வளர்ச்சி நாளாக ஆக புற்றுநோயாக மாறுமா?

மாறாது. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் இருக்கலாம், அவ்வளவுதான். சதை வளர்ச்சிக்கு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேயே இருப்பதால் பின்னால் புற்றுநோய் வர வாய்ப்புண்டு. "எனக்குத்தான் எடுத்தாச்சே" என்று இருந்துவிட வேண்டாம்.

எந்த அறிகுறி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது?

நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை, அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது என்றால் உடனே கிளம்புங்கள். தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும் என்று சொம்பு சொம்பாகக் குடித்தால் வேதனைதான் கூடும். டியூப் போட்டு நீரை இறக்குவதற்கு மதுரை வரை போக வேண்டாம், கொடைக்கானல் அரசு மருத்துவமனையே போதும். மலையில் இது குளிர்காலத்தில் அதிகம் நடக்கும். குளிர் அந்தப் பகுதித் தசைகளை இறுக்குவது ஒரு காரணம். சளி, மூக்கடைப்புக்காகக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை இன்னொரு காரணம். அந்த மாத்திரைகளில் உள்ள சில மருந்துகள், ஏற்கெனவே சுரப்பி பருத்தவருக்கு நீரை அடைத்துவிடும். மருந்துக் கடையில் "எனக்கு நீர் போறதுல பிரச்சினை இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடவே சரக்கும் சேர்ந்தால் அன்றைய ராத்திரி நிச்சயம் ஆஸ்பத்திரியில்தான்.

சிறுநீரிலோ விந்துவிலோ ரத்தம் தெரிந்தாலும் காட்ட வேண்டும். கல், கிருமித் தொற்று, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று அதற்குப் பல காரணம் இருக்கலாம். எதுவானாலும் பார்க்க வேண்டியதே.

அப்புறம் முதுகு வலி. மேல்மலையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. கேரட் மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் சுமந்து, மேடும் பள்ளமுமான காட்டில் குனிந்து வேலை செய்பவர்களுக்கு இடுப்பு வலி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அதனாலேயே ஆபத்து. புராஸ்டேட் புற்றுநோய் பரவினால் முதலில் போகிற இடம் பெரும்பாலும் எலும்பு, அதிலும் முதுகெலும்பும் இடுப்பெலும்பும்தான். சுமைத் தொழிலாளி ஒருவர் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது முதுகில் பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி உரித்த சதுரம் சதுரமான தடங்கள் இருந்தன. தைலம், பிளாஸ்திரி, மருந்துக் கடை வலி மாத்திரை என்று மாதக் கணக்கில் ஓட்டியிருக்கிறார். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "படுத்தா குறையுதா, கூடுதா?" படுத்தால்தான் கூடுகிறது, ராத்திரியில் தூங்க விடுவதில்லை என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, புராஸ்டேட் கோளாறைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு (பொதுவான எல்லை 4, பின்னால் விளக்கியிருக்கிறேன்) நூற்றுக்கணக்கில் இருந்தது.

சுளுக்கும் பிடிப்பும் ஓய்வெடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் குறையும். எலும்பில் பரவிய வலி ஓய்வில் குறையாது, வாரத்துக்கு வாரம் கூடும், இரவில் அதிகமாகும். அந்த வலியோடு கால் தளர்கிறது, தொடை இடுக்கு மரத்துப்போகிறது, நீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனையில் சேர வேண்டும். ஒரு நாள் தாமதத்தில் நடை போய்விடலாம், போனால் பெரும்பாலும் திரும்புவதில்லை.

யாருக்கு இந்த நோய் வரும் ஆபத்து அதிகம்?

முதல் காரணம் வயது. 50-க்குக் கீழே அபூர்வம், 65-க்கு மேல்தான் அதிகம் காண்கிறோம். 2022-ல் உலகம் முழுக்க 14 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். நம் நாட்டில் மேலைநாடுகளைவிடக் குறைவு என்றாலும், ஆயுள் கூடக் கூட எண்ணிக்கையும் கூடி வருகிறது.

அடுத்தது குடும்பம். அப்பாவுக்கோ உடன்பிறந்த அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவர்களுக்கு 60 வயதுக்கு முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊரில் ஒரு சிக்கல்: "அப்பா எதனால் இறந்தார்?" என்று கேட்டால் "வயசாயிருச்சு, படுத்த படுக்கையா கிடந்து போயிட்டாரு" என்பதுதான் பதிலாக வருகிறது. நீர் அடைத்து, இடுப்பு வலியோடு படுத்துப் போனவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அம்மா வழியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அம்மா, அக்கா, சித்தி என்று யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் உள்ள கோளாறு பெண்களுக்கு அந்த நோய்களையும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டில் வேகமாக வளரும் வகையையும் கொண்டுவருகிறது.

உடல் பருமன், நோய் முற்றிய வகையாக வருவதோடு தொடர்புடையது. புகைப்பவர்களுக்கு இந்த நோய் வந்தால் இறக்கும் வாய்ப்பு அதிகம்.

காட்டுக்கு மருந்து அடிப்பவர்களுக்கு வருமா?

மேல்மலையில் இந்தக் கேள்வி வராத முகாமே கிடையாது. நியாயமான கேள்வி. பூச்சிமருந்து தெளிப்பவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், பொதுமக்களைவிட அவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் மாலத்தியான் என்ற பூச்சிமருந்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்ற பிரிவில் வைத்தது. புராஸ்டேட் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதற்கான சான்று குறைந்த அளவில் உண்டு என்றும் சொன்னது. உறுதியான முடிவு என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது.

என் கருத்தைச் சொல்கிறேன். புராஸ்டேட்டை விடுங்கள், வெறுங்கையால் மருந்தைக் கலக்குவதும், காற்றுக்கு எதிரே நின்று அடிப்பதும், அடித்த சட்டையோடு வந்து சாப்பிட உட்காருவதும் எந்தக் கணக்கிலும் நல்லதில்லை. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். குளிரில் குளிக்கச் சோம்பல்படுகிறவர்கள்தான் அதிகம், தெரியும்.

கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை இருந்ததே, அந்தப் பாதரசத்தால் வருமா?

2001-ல் மூடப்பட்ட அந்த ஆலையின் பாதரசம் பற்றிய கவலை நியாயமானதுதான். பாதரசம் முக்கியமாகக் கெடுப்பது நரம்பையும் சிறுநீரகத்தையும். புராஸ்டேட் புற்றுநோயோடு அதை இணைக்கும் உறுதியான சான்று இல்லை.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால் வருமா? இளவயதில் சுயஇன்பம் செய்ததால் வருமா?

இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். விந்து வெளியேறுவதால் இந்த நோய் வருவதில்லை. லாட்ஜில் ரூம் எடுத்து உட்கார்ந்து லேகியம் விற்பவர்கள் இந்தப் பயத்தில்தான் பிழைக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பூண்டு சாப்பிட்டால் வராது என்கிறார்களே?

மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. பூம்பாறைக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கும் ஆமாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பூண்டு இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. நிறையப் பூண்டு சாப்பிடும் ஊர்க்காரர்களுக்கும் வருகிறது. குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், டெஸ்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். பயாப்ஸியோ (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) ஆபரேஷனோ செய்வதாக இருந்தால், அதிக அளவில் பூண்டு மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

சத்து மாத்திரை விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். வைட்டமின் ஈ மாத்திரை இந்தப் புற்றுநோயைத் தடுக்குமா என்று சுமார் 35,000 ஆண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2011-ல் வந்த முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் 17 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது.

பி.எஸ்.ஏ. டெஸ்ட் என்பது என்ன?

கையில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கலந்திருக்கும். சுரப்பியில் ஏதாவது கோளாறு இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு கூடும். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. தனியார் லேபுகளில் சில நூறு ரூபாய் ஆகும், இடத்துக்கு இடம் மாறும்.

ரிசல்ட் 4-க்கு மேல் வந்திருக்கிறது. புற்றுநோயா?

இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 4 நானோகிராம் என்பது பொதுவாக வைத்துக்கொண்ட எல்லை. 4-க்கும் 10-க்கும் இடையே வந்தவர்களில் பயாப்ஸி செய்து பார்த்தால் நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்ற மூவருக்கு சதை வளர்ச்சியோ வீக்கமோ கிருமித் தொற்றோ காரணம். 10-ஐத் தாண்டினால் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

4-க்குக் கீழே வந்தால் நோயே இல்லை என்று எழுதிக் கொடுத்ததாகவும் ஆகாது. ஒரு பெரிய ஆய்வில் 4-ம் அதற்குக் குறைவாகவும் இருந்தவர்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்தபோது 100-க்கு 15 பேரிடம் புற்றுநோய் இருந்தது, அதில் பெரும்பாலானது ஆபத்துக் குறைந்த வகை. ஒரே ஒரு தாளை வைத்து ஜாதகம் கணிக்க முடியாது. கொஞ்சம் கூடுதலாக வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அதே லேபில் எடுத்தால் ஒப்பிடுவது எளிது.

ரத்தம் கொடுப்பதற்கு முன் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம். சைக்கிளும் வேண்டாம் (ஏரியைச் சுற்றிப் பேரப்பிள்ளையோடு ஓட்டுவதைத் தள்ளி வையுங்கள்). நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று இருந்தால் அது ஆறி சில வாரம் கழித்து எடுக்க வேண்டும். டியூப் போட்டு எடுத்த கையோடும் எடுக்கக் கூடாது, அளவு தாறுமாறாக வரும்.

சதை வளர்ச்சிக்கு ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு என்ற மாத்திரைகளைப் பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். தாளில் 3 என்று இருந்தால் டாக்டர் அதை 6 என்று வைத்துத்தான் பார்ப்பார். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள், பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஐம்பது வயது ஆகிவிட்டது. எல்லாரும் இந்த டெஸ்ட் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாத கேள்வி இது. அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் 55 முதல் 69 வயதுவரை உள்ள ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், பி.எஸ்.ஏ. பார்த்தவர்களிடையே இந்த நோயால் இறப்பது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 16 வருஷக் கணக்கில் பார்த்தால், ஒரு சாவைத் தடுக்க 570 பேரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருந்தது. கூடுதலாக 18 பேருக்கு நோய் இருப்பதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த 18 பேரில் பலருக்கு, டெஸ்டே எடுக்காமல் இருந்திருந்தால் ஆயுள் முழுக்க எந்தத் தொல்லையும் வந்திருக்காது. தெரிந்துவிட்டதால் கவலை, பயாப்ஸி, சிலருக்குத் தேவையில்லாத ஆபரேஷன்.

அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் எடு என்று பல நாடுகள் சொல்வதில்லை. இந்தியாவிலும் அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். புராஸ்டேட்டுக்கு உங்களை யாரும் தேடி வந்து கூப்பிடமாட்டார்கள். நீங்களாகப் போய்க் கேட்டால்தான் உண்டு.

நான் சொல்வது இதுதான்: 50 வயதானதும் டாக்டரிடம் ஒரு தடவை இதைப் பேசி முடிவெடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் 45-லேயே, சிலருக்கு 40-லேயே பேச வேண்டும். 70-ஐத் தாண்டி, தொல்லை எதுவும் இல்லாமல், வேறு நோய்களோடு இருப்பவருக்கு இந்த டெஸ்டால் லாபம் குறைவு. மாஸ்டர் செக்கப் தொகுப்பில் இலவசமாகச் சேர்த்துத் தருகிறார்கள் என்பதற்காக 80 வயது தாத்தாவுக்கு எடுத்து, வந்த எண்ணைப் பார்த்து வீடே கலங்குவதில் அர்த்தமில்லை. இதெல்லாம் தொல்லை இல்லாதவர்களுக்கு. மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் விவாதமே கிடையாது, வயது எதுவானாலும் பார்க்க வேண்டும்.

பின்வாசல் வழியாக விரல் விட்டுப் பார்ப்பார்களாமே?

ஆமாம். மலக்குடல் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சுரப்பி இருக்கிறது என்பதால் விரலுக்கு எட்டும். கல் போலக் கெட்டியாகவோ முண்டும் முடிச்சுமாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். இடதுபக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். கையுறை, ஜெல்லி. ஒரு நிமிஷம்கூட ஆகாது. சங்கடமாக இருக்கும், வலி இருக்காது. மூச்சை வாய் வழியாக விட்டால் உடம்பு இறுகாது. "அந்த டெஸ்டுன்னா நான் வரலை" என்று பஸ் ஏறிப் போனவர்கள் உண்டு. அவர்களிடம் நான் ஒன்றும் வாதாடுவதில்லை, ரத்தமாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

பயாப்ஸி எடுத்தால், கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. கத்தி பட்டதால் போனார் என்று ஊரில் சொல்லப்படுபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பரவிய நிலையில் மருத்துவமனைக்குப் போனவர்கள்.

இப்போது பல இடங்களில் முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, சந்தேகப்படும் இடம் இருந்தால்தான் ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கிறார்கள். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு துணுக்குகள். எடுத்தபின் சில நாள் நீரில் லேசாக ரத்தம் வரலாம். விந்துவில் சில வாரம்கூடத் தெரியலாம், பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அந்த ரிப்போர்ட்டில் கிளீசன் என்று ஒரு எண் இருக்கும். 6 என்றால் மெதுவாக வளரும் வகை, 7 நடுத்தரம், 8 முதல் 10 வரை வேகமானது.

புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டால் உடனே ஆபரேஷனா?

வகையைப் பொறுத்தது. சுரப்பிக்குள்ளேயே இருக்கும் மெதுவான வகை என்றால், எதுவும் செய்யாமல் பி.எஸ்.ஏ., ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி பயாப்ஸி என்று கண்காணித்துக்கொண்டே இருப்பது முறையான சிகிச்சைதான். டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டவர்களை மூன்று பிரிவாக்கிக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று கொடுத்துப் பார்த்தார்கள். 15 வருஷம் கழித்து, 2023-ல் வந்த கணக்கில் எந்தப் பிரிவானாலும் 100-க்கு 97 பேர் இந்த நோயால் இறக்கவில்லை.

ஆபரேஷன் என்றால் சுரப்பியை முழுசாக எடுப்பது. கதிர்வீச்சு என்றால் வாரக் கணக்கில் தினமும் போய்வர வேண்டும், மேல்மலைக்காரர் கீழே தங்க இடம் பார்க்க வேண்டிவரும். முடிவெடுக்கும் முன் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் சிலருக்குக் கொஞ்ச காலம் நீர் கசியும், விறைப்புத்தன்மை குறையும். கதிர்வீச்சிலும் விறைப்புத்தன்மை குறையலாம், மலக்குடல் எரிச்சல் வரலாம். இதையெல்லாம் முன்னாடியே கேட்பது உங்கள் உரிமை. மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

பரவிவிட்டது, விரையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆண்மையே போய்விடாதா?

இந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்றுதான் வளர்கிறது. அதைக் குறைத்தால் நோய் சுருங்கும் என்று 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஹார்மோனை நிறுத்த இரண்டு வழி: மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு ஊசி, அல்லது விரையின் உள்சதையை ஒரேயடியாக எடுத்துவிடும் சின்ன ஆபரேஷன். பலன் இரண்டிலும் ஒன்றுதான். எலும்பு வலியில் துடித்தவர்கள் சில நாட்களிலேயே எழுந்து நடப்பதைப் பார்க்கலாம். இதனோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரைகளும் இப்போது வந்திருக்கின்றன.

மறைக்காமல் சொன்னால், தாம்பத்திய ஆசை குறையும், விறைப்பும் குறையும், உடம்பு திடீர் திடீரென்று சூடாகி வியர்க்கும், எலும்பு மெலியும், எடை போடும். மீசை உதிர்ந்துவிடும், குரல் பெண் குரலாகிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஊசி என்றால் விரும்பினால் நிறுத்தலாம், ஆனால் தேதி தவறாமல் போக வேண்டும். வெள்ளகவி மாதிரி நடந்தே இறங்க வேண்டிய ஊரில் இருப்பவர், மழைக்காலத்தில் மண் சரிந்து பஸ் நிற்கும் கிளாவரைக்காரர் எல்லாம் ஊசித் தேதியைத் தவறவிட்டால் நோய் மறுபடி தலைதூக்கும். அவர்களுக்கு ஆபரேஷன் வசதி என்பது என் எண்ணம். முடிவு அவரும் வீட்டுக்காரம்மாவும் எடுக்க வேண்டியது, பங்காளிகள் அல்ல.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

முதலில் கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி, பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி, 2022-ல் தொடங்கிய திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை என்று அவரவர் பாதையைப் பொறுத்துப் போகலாம். பண்ணைக்காடு, தாண்டிக்குடிக்காரர்களுக்கு வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் பக்கம். பூண்டு மூட்டையோடு வடுகபட்டி சந்தைக்கு இறங்குகிறவர்களுக்குப் பெரியகுளம் அரசு மருத்துவமனை எட்டும் தூரம்தான். மூட்டையை இறக்கிவிட்டு விலை பேசுவதற்குள் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். புற்றுநோய் சிகிச்சைகளும் இதில் வரும். அட்டை இல்லாதவர்கள் நோய் வந்தபின் அலையாமல் இப்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் அக்காக்களிடமும் வழி கேட்கலாம். அவர்கள் வரும் நேரம் ஆண்கள் காட்டில் இருப்பதுதான் சிக்கல்.

அப்பா எதையும் சொல்லமாட்டார். நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

கவனித்தாலே தெரியும். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை விட்டு வாசல் பக்கம் உட்காருவார். கல்யாணத்துக்குப் போனால் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பார். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்கமாட்டார். வேட்டியில் ஈரம் தெரியக் கூடாது என்று துண்டை முன்னால் போட்டுக்கொள்வார்.

நேராகக் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பிரஷர் மாத்திரை வாங்கப் போகும் நாளில் கூடப் போய், டாக்டர் முன்னால், "அப்பா ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறாரு சார்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அங்கே மறுத்துப் பேசமாட்டார். அப்பாக்கள் மகனைவிட மருமகனிடம் இதைப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன், அந்த வழியும் திறந்திருக்கட்டும். ரிசல்ட் தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். மேல்மலை ஈரத்தில் லேப் தாளின் எழுத்து ஒரே மழைக்காலத்தில் மங்கிவிடும். போனில் ஒரு போட்டோ எடுத்து, தேதியோடு மகளுக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த தடவை டாக்டர் முதலில் கேட்பது பழைய எண்ணைத்தான்.